ஐயம் முடக்கிய ஆய்வு: அமெரிக்கத் துப்பாக்கி விவாதமும் நிபுணர் குழுவின் நடுநிலையும்

துப்பாக்கி உரிமை பற்றிய அமெரிக்க விவாதத்தில், வாதம் தொடங்குமுன்பே எழும் கேள்வி ஒன்றுண்டு: பேச அமர்த்தப்பட்டோர் எந்தப் பக்கத்தார்? தொலைக்காட்சி அரங்குக்கும் அறிவியல் குழுவுக்கும் இக்கேள்வி பொதுவானது. கேள்வி நியாயமானதே. ஆயினும் அதற்குத் தேடப்பட்ட தீர்வு, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஓர் ஆய்வுப்புலத்தை நலிவுறச் செய்தது.

1993-இல் ஆர்தர் கெல்லர்மனும் அவருடைய குழுவினரும் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பதற்கும் அவ்வீட்டில் கொலை நிகழும் வாய்ப்பு ஏறத்தாழ 2.7 மடங்காக இருப்பதற்கும் தொடர்புண்டு என்பது அதன் முடிபு. ஆபத்தான சூழலில் வாழ்வோரே துப்பாக்கி வாங்குகின்றனர், எனவே காரணமும் விளைவும் இடம் மாறியிருக்கலாம் என்று எதிர்ப்போர் வாதிட்டனர். முறையியல் நோக்கில் இது நேர்மையான மறுப்பு. மேலும் ஆய்வு செய்தே இதற்கு விடை காண இயலும். ஆனால் தேசிய ரைஃபிள் சங்கம் அத்துடன் நிற்கவில்லை. ஆய்வுக்கு நிதியளித்த நோய்க் கட்டுப்பாட்டு மையம் முன்முடிவுடன் இயங்குகிறது என்று குற்றம் சாட்டி, அதன் காயத் தடுப்புப் பிரிவையே கலைக்க முயன்றது.

பிரிவு தப்பியது, நிதி தப்பவில்லை. ஆர்கன்சா மாநில உறுப்பினர் ஜே டிக்கியின் பெயரால் அறியப்படும் விதி 1996-இல் நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் இடம்பெற்றது. காயத் தடுப்புக்கான நிதியைத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காக வாதிடவோ அதனை ஊக்குவிக்கவோ செலவிடலாகாது என்றது அவ்விதி. மொழியியலாளர் ஊன்றி நோக்கவேண்டிய இடம் இது. ஆய்வைத் தடுக்கும் சொல் எதுவும் அதில் இல்லை. தடுக்கப்பட்டது பரப்புரை மட்டுமே. எனினும் 'ஊக்குவித்தல்' என்னும் வினையின் எல்லை வரையறுக்கப்படவில்லை. ஓர் ஆய்வின் முடிபு ஒரு தரப்புக்குச் சாதகமாக அமைந்தால், அதை வெளியிடுவதே ஊக்குவித்தலாகிவிடுமா? இதற்கிடையே, முந்தைய ஆண்டில் துப்பாக்கி ஆய்வுக்குச் செலவான 26 லட்சம் டாலருக்கு ஈடான தொகை, மூளைக் காய ஆய்வுக்கு மாற்றப்பட்டது. விதியை எவ்வாறு வாசிக்க வேண்டும் என்பதை அதிகாரிகள் இதிலிருந்தே உணர்ந்துகொண்டனர்.

இதன் விளைவு அடுத்த குழுவின் மேசைக்கு வந்தது. மறைத்துத் துப்பாக்கி எடுத்துச் செல்ல உரிமம் வழங்கும் சட்டங்கள் குற்றங்களைக் குறைக்கின்றன என்று பொருளியலாளர் ஜான் லாட் வாதிட்டு வந்தார். இது உள்ளிட்ட ஆய்வுகளை மதிப்பிடத் தேசிய ஆய்வு மன்றம் சார்லஸ் வெல்ஃபோர்டு தலைமையில் 16 பேர் குழுவை அமைத்தது. உறுப்பினருள் சிலர் துப்பாக்கி உரிமைக்குப் பகைவர் என்று 2001-லேயே உரிமை ஆதரவாளர்கள் எழுதினர். 2004 டிசம்பரில் அறிக்கை வந்தது. அச்சட்டங்கள் குற்றத்தைக் கூட்டுகின்றனவா குறைக்கின்றனவா என்று கூறக் கிடைத்த சான்றுகள் போதா என்றது குழு. மறுபுறம், கட்டுப்பாட்டு நடவடிக்கைகள் பலவற்றின் பயனையும் அது உறுதிப்படுத்தவில்லை. நல்ல தரவுகள் வேண்டும் என்பதே அதன் முதன்மையான வேண்டுகோள்.

உறுப்பினருள் ஒருவரான ஜேம்ஸ் க்யூ. வில்சன், உரிமச் சட்டங்கள் கொலைகளைக் குறைக்கின்றன என்பதற்குச் சான்று உண்டு என்று மாறுபட்டார். அவருடைய மறுப்புரையும் அதற்குக் குழு அளித்த பதிலும் அறிக்கையின் பின்னிணைப்புகளாக ஒன்றையடுத்து ஒன்று அச்சாயின. குழுவை நம்ப மறுத்தவரும் இரண்டையும் வாசித்துத் தம் முடிவுக்கு வர வழி இருந்தது.

இங்குதான் இரண்டு அணுகுமுறைகளும் வேறுபடுகின்றன. 1996-இல் சார்பு பற்றிய ஐயம், ஆய்வை நிறுத்தும் கருவியாயிற்று. 2004-இல் அதே ஐயம், கருத்து வேறுபாட்டை வெளிப்படையாகப் பதிவுசெய்வதன் மூலம் எதிர்கொள்ளப்பட்டது. கருத்தே இல்லாத நிபுணர் எங்கும் இல்லை. ஆதலால் அத்தகையோரைத் தேடிக் குழு அமைப்பது வீண்முயற்சி. தரவு திறந்திருக்கிறதா, மறுப்புரைக்கு இடமுண்டா என்பவையே கேட்கத்தக்க கேள்விகள். தரவே திரட்டப்படாத நிலையில் எவ்வளவு சமநிலையான குழுவாலும் 'தெரியவில்லை' என்பதற்கு மேல் கூற இயலாது. அவ்வெற்றிடத்தில் ஒவ்வொரு தரப்பும் தன் நம்பிக்கையையே சான்றாகக் கொள்கிறது.

இதனை உணர்ந்தவருள் டிக்கியும் ஒருவர். காயத் தடுப்புப் பிரிவின் முன்னாள் இயக்குநர் மார்க் ரோசன்பர்க், ஒரு காலத்தில் அவருடைய எதிரணியில் நின்றவர். 2012-இல் இருவரும் இணைந்து வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் எழுதி, துப்பாக்கி வன்முறை பற்றிய ஆய்வு மீண்டும் தொடர வேண்டும் என்றனர். அவ்விதி ஆய்வைத் தடுக்கவில்லை என்று 2018-இல் நாடாளுமன்றம் விளக்கியது. 2019 டிசம்பரில் 2.5 கோடி டாலர் ஒதுக்கியது. டிக்கி 2017-இலேயே மறைந்துவிட்டார். ஒரு வினைச்சொல்லின் பொருளைத் தெளிவாக்க அந்நாட்டுக்கு 22 ஆண்டுகள் தேவைப்பட்டன.