ஊட்டத்தூர் உருண்டைகளும் 80 லட்சம் டன் கணக்கும்

தென்னார்க்காடு, திருச்சி மாவட்டங்களின் கிரெட்டேசியப் பாறைகளைப் பற்றி ஹென்றி பிளான்ஃபோர்டு 1862இல் எழுதியபோது திருவண்ணாமலை தென்னார்க்காட்டைச் சேர்ந்திருந்தது. ஆனாலும் அவர் விவரித்த கடற்படிவுகள் இவ்வூர்ப் பக்கம் எட்டவில்லை. இங்கே காலடியில் கிடப்பவை சார்னோகைட்டும் நைஸும். ஷேல் எனப்படும் களிப்பாறையில் யுரேனியத்தைத் தேடுவோர் தெற்கே இறங்கி, பெரம்பலூர் அருகே காரைக்கும் அதற்கப்பால் ஊட்டத்தூருக்கும் போகவேண்டும். அங்கே களிக்குள் பாஸ்பேட் உருண்டைகள் கிடக்கின்றன. கடல்சார் பாஸ்பேட் வளரும்போது கால்சியத்தின் இடத்தில் யுரேனியத்தை ஏற்றுக்கொள்வது உலகெங்கும் காணப்படுவது.

இவ்வுருண்டைகளைப் பற்றிய பேச்சு இன்றும் புவியியலாளர் வார்த் 1893இல் சொன்ன எண்ணிலிருந்தே தொடங்குகிறது: 200 அடி ஆழம்வரை 80 லட்சம் டன். பெக்கரல் கதிரியக்கத்தைக் கண்டறிய இன்னும் மூன்றாண்டு இருந்தது; வார்த் தேடியது உரம். எனவே யுரேனியத்தைப் பற்றி அவர் பேசாதது குறையல்ல. குறை, அந்த எண்ணைத் தனியே பெயர்த்தெடுத்துப் படிப்பதில் இருக்கிறது. அதன் அருகிலேயே இன்னொரு கணக்கும் பதிவாகியுள்ளது: வெட்டிப் பார்த்த குழிகளில் 100 கன அடிக்கு 27 முதல் 47 ராத்தல் உருண்டை, சில இடங்களில் 70. நூறு கன அடிக் களி ஏறக்குறைய 12,000 ராத்தல் எடை இருக்கும். ஆகவே உருண்டையின் பங்கு ஆயிரத்தில் இரண்டு முதல் நான்குதான். வார்த்தின் 80 லட்சம் டன்னைப் பிரித்தெடுக்க 200 கோடி டன்னுக்குக் குறையாத களியைப் புரட்டவேண்டும். எல்லா இடத்திலும் 70 ராத்தல் கிடைக்குமென்று தாராளமாக வைத்தாலும் 130 கோடியைத் தாண்டும். மேலும் மழை களியைக் கரைத்துக்கொண்டு போக, கனமான உருண்டைகள் மேற்பரப்பில் தங்கிவிடுகின்றன. மேலே தெரியும் செறிவு 200 அடி ஆழம்வரையும் இருக்குமென்று கொள்வதற்கு ஆதாரம் மெலிது.

இதே கணக்கை யுரேனியத்துக்குப் போட்டால் வார்த்தின் எண் முற்றிலும் வேறாகத் தெரிகிறது. கடல்சார் பாஸ்பேட்டில் பொதுவாகப் பத்து லட்சத்தில் 50 முதல் 200 பங்கு யுரேனியம் இருக்கும். 100 என்று வைப்போம். 80 லட்சம் டன்னில் 800 டன் என்பது கவர்ச்சியான தொகை. ஆனால் ஒரு டன் களியில் உருண்டை இரண்டு முதல் நான்கு கிலோ. அதிலுள்ள யுரேனியம் அரை கிராமுக்கும் குறைவு. சாதாரணக் களிப்பாறை டன்னுக்கு மூன்று, நான்கு கிராம் யுரேனியத்தைத் தானே வைத்திருக்கிறது. கதிர்வீச்சை அளக்கும் கருவியை உருண்டைமேல் வைத்தால் துடிப்பு கூடலாம். இருப்பில் பெரும்பகுதி அதைச் சூழ்ந்த களியில்தான். உலக சராசரியைக் காரைக்குப் பொருத்தலாமா என்ற மறுப்பு நியாயமானதே. ஆயினும் காரைக் களியில் டன்னுக்கு ஒரே கிராம்தான் என்று கொண்டாலும் முடிவு மாறாது. அப்படியானால் களியையே தாதுவாகக் கொள்ளலாமே என்பார்க்கு ஸ்வீடனின் ரான்ஸ்டாட் சுரங்கம் பதில்: டன்னுக்குச் சுமார் 300 கிராம் கொண்ட ஷேலிலிருந்தே 1965–69இல் ஏறக்குறைய 200 டன்தான் எடுத்தார்கள்.

இந்த யுரேனியம் மேற்கு, வடக்கு மலைகளிலிருந்து ஆறுகள் கொண்டுவந்தது என்று சொல்லத் தோன்றும். திருவண்ணாமலைப் பகுதியை முதன்மை மூலமாக ஏற்க எனக்கு மனமில்லை. ஆழத்துக் கடும் வெப்பத்தில் உருவான சார்னோகைட் வகைப் பாறைகள் யுரேனியத்தைப் பெரிதும் இழந்தவை. நூறு கோடியில் மூன்று பங்கே கொண்டதாயினும் கடல்நீரே போதுமான மூலம்; படிவு மெல்லச் சேரும் அடித்தளத்தில் உருண்டைக்கு நீண்ட அவகாசம் இருந்திருக்கும். இங்கே சான்று குறைவு என்பதை மறைக்கவில்லை; வேறெந்த மூலத்துக்கும் இதைவிடக் கூடுதல் சான்று இல்லை என்பதே என் வாதம்.

காலத்தை மட்டும் இப்போதைக்குத் திறந்தே வைக்கவேண்டும். காரைக் களி ஆல்பியனிலிருந்து டூரோனியன் வரை, சுமார் 11 கோடியிலிருந்து 9 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்தது. யுரேனியமும் அப்போதே நுழைந்ததா? களியைக் குறுக்கும் நெடுக்கும் வெட்டிச்செல்லும் நார்நாரான ஜிப்சம் ஏடுகள், படிவுக்குப் பிறகும் நீர் உள்ளே ஓடியதைக் காட்டுகின்றன. அந்நீர் யுரேனியத்தைச் சேர்த்திருக்கலாம், கரைத்துச் சென்றும் இருக்கலாம். ஒரே உருண்டையின் மேலோட்டையும் உட்கருவையும் தனித்தனியே அளந்து, மேலோடு செழுமையாக இருந்தால் பின்னாளைய நீருக்கும், இரண்டும் ஒத்திருந்தால் பழைய கடலுக்கும் சார்பாகக் கொள்ளலாம்.