டேப் காலியா இல்ல: எச்டி கேம்கார்டரின் கதை

இன்னைக்கு எபிசோட் எங்க வீட்டு பீரோவுல இருந்து ஆரம்பிக்குது. அங்க ரெண்டு மினிடிவி டேப் கிடந்துச்சு. சித்தப்பா 2006-ல எடுத்தது. எங்க தாத்தாவோட குரல் பதிவாகியிருக்கிற ஒரே இடம் அதுதான். தெரிஞ்சவர்கிட்ட ஒரு பழைய கேமரா வாங்கி, போட்டுப் பார்த்தோம். வெறும் நீலத் திரை. "டேப் போச்சுப்பா, தூக்கிப் போட்டுடு"ன்னார் சித்தப்பா.

டேப் போகல. அது ஏன்னு புரியணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும்.

1995-ல டிவி ஃபார்மேட் வந்துச்சு. டெலிவிஷன் இல்லைங்க, டிஜிட்டல் வீடியோ. ஒரு நொடிக்கு 25 மெகாபிட் வீடியோ, ஒரு சின்ன டேப்ல ஒரு மணி நேரம். ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியா சுருக்கும். சுருக்கமும் கொஞ்சம்தான், சுமார் அஞ்சுல ஒரு பங்கு.

2003-ல கேனான், ஷார்ப், சோனி, ஜேவிசி நாலு கம்பெனியும் சேர்ந்து எச்டிவி-னு ஒரு ஃபார்மேட்டை அறிவிச்சாங்க. எச்டி படத்தை அதே மினிடிவி டேப்ல பதியணும். 1080 வரி படத்துக்கும் அதே 25 மெகாபிட்தான். கணக்கு போட்டா, கிட்டத்தட்ட 19-ல ஒரு பங்கா சுருக்கணும்!

எப்படி முடிஞ்சது? ரெண்டு தந்திரம். ஒண்ணு, அகலத்துல 1920 புள்ளிக்குப் பதிலா 1440 மட்டும் பதிஞ்சு, பார்க்கும்போது இழுத்துக் காட்டுறது. இன்னொண்ணு, டிவிடி-ல இருந்த எம்பெக்-2 முறை. ஒரு ஃபிரேமை முழுசா வச்சுக்கிட்டு, அடுத்தடுத்த ஃபிரேம்கள்ல என்ன மாறுச்சுன்னு மட்டும் எழுதி வைக்கும். நம்ம ஊர் 50 ஹெர்ட்ஸ் முறையில 12 ஃபிரேம் ஒரு கூட்டம். அதனால டேப்ல ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் அரை நொடி வரைக்கும் படம் போயிடலாம்.

டேப் அதே டேப். ஆனா உள்ள இருக்கிற மொழி வேற. பழைய டிவி கேமராவுக்கு அந்த மொழி தெரியாது. நாங்க பார்த்த நீலத் திரைக்குக் காரணம் இதுதான்.

சித்தப்பா அந்த டேப் எடுத்த அதே 2006-ல, சோனியும் பானாசோனிக்கும் ஏவிசிஎச்டி-யை அறிவிச்சாங்க. இதுல எச்.264 முறை. இன்னும் கெட்டியான சுருக்கம், அதிகபட்சம் 24 மெகாபிட். சின்ன டிவிடி, ஹார்ட் டிஸ்க், மெமரி கார்டுனு டேப்பே வேண்டாம். ஒரு மணி நேரப் படத்தை ஒரு மணி நேரம் ஓட்டித்தான் கம்ப்யூட்டர்ல ஏத்தணும்கிற தொல்லையும் போச்சு. ஆனா பாரம் கம்ப்யூட்டர் தலையில விழுந்துச்சு. அன்னைக்கு இருந்த பல மெஷின்கள் அந்த ஃபைலை எடிட் பண்ணத் திணறுச்சு. 2011-ல வந்த இரண்டாம் பதிப்பு, 28 மெகாபிட்ல நொடிக்கு 50, 60 முழு ஃபிரேம் வரைக்கும் போச்சு.

இன்னொரு விஷயமும் மாறுச்சு. டேப் தீர்ந்தா புதுசு வாங்கி, பழசை பீரோவுல வைப்போம். கார்டு நிறைஞ்சா? காப்பி பண்ணிட்டு அழிப்போம். அந்தக் காப்பி இருந்த ஹார்ட் டிஸ்க் இப்ப எங்கன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? டேப்பால தொல்லைதான். ஆனா அந்தத் தொல்லையே தாத்தாவைக் காப்பாத்தி வச்சிருந்துச்சு.

கடைசியில ஒரு எச்டிவி கேமராவும், ஃபயர்வயர் போர்ட் உள்ள பழைய லேப்டாப்பும் தேடிப் பிடிச்சோம். முழு ஒரு மணி நேரம் ஓடுச்சு. நடுவுல ஒரு இடத்துல படம் உறைஞ்சு நின்னுச்சு, அரை நொடிதான். அப்புறம் தாத்தா பேச ஆரம்பிச்சார். சித்தப்பா ஒண்ணும் சொல்லல, வால்யூமை மட்டும் ஏத்தினார்.

உங்க வீட்லயும் டேப் இருந்தா, நீலத் திரையைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. எந்த கேமராவுல எடுத்தாங்கன்னு முதல்ல கேளுங்க. கார்டுல எடுத்த படம்னா, எம்டிஎஸ் ஃபைலை மட்டும் உருவாதீங்க, ஃபோல்டரை முழுசா காப்பி பண்ணுங்க. நீளமான காட்சி பல ஃபைலா உடைஞ்சிருக்கும், அதை ஒட்டுற தகவல் அந்த ஃபோல்டர்லதான் இருக்கு.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்!