பிந்தி வந்த பெட்டி

கனடாவின் மேற்குக் கரையிலே பிரின்ஸ் ரூபேட் என்றொரு சிறு பட்டினம் உண்டு. குளிர்காலத்திலும் உறையாத அதன் ஆழ்துறை, வட அமெரிக்கப் பெருந்துறைமுகங்களுள் ஆசியாவுக்கு மிக அண்மையிலுள்ளது. இதனையுணர்ந்த புகையிரதக் கம்பனித் தலைவர் சாள்ஸ் ஹேய்ஸ், வன்கூவருக்கு நிகரான வாணிப நகரொன்றை அங்கு எழுப்ப எண்ணினார். 1912இல் டைட்டானிக் கப்பலோடு அவர் மாண்டார். 1914இல் இருப்புப்பாதை கடலை எட்டியது. அவ்வாண்டே போரும் மூண்டது. 1919இல் கம்பனி முறிந்தது. பொருளை வாங்கப் பெருநகரில்லாத துறையை வணிகர் நாடுவரோ?

பின்னாளில் மீன்பிடியும் மரக்கூழ் ஆலையுமே அவ்வூருக்குப் பெரிதும் சோறிட்டன. 2001இல் ஆலை மூடப்பட்டதும், மக்கள் பலர் பிழைப்புத் தேடி வெளியேறினர்.

அந்நிலையை மாற்றியது கொள்கலன் என்னும் இரும்புப் பெட்டியாகும். கப்பலிலிருந்து இறக்கிய பெட்டியைத் திறவாமலே புகையிரதத்தில் ஏற்றினால், அது சிக்காகோ வரை செல்லும். துறையருகே பெருநகர் வேண்டியதில்லை. இதற்கென 2007இல் திறக்கப்பட்ட ஃபெயார்வியூ முனையம், 20 அடிப் பெட்டிக் கணக்கில் ஆண்டுக்கு 5 இலட்சத்தைக் கையாளவல்லதாயிருந்தது. 2017இல் அத்திறன் 13½ இலட்சமாக உயர்ந்தது. ஹேய்ஸ் துறையைத் தெரிந்ததிற் பிழையில்லை. அதற்கேற்ற பெட்டியே பிந்தி வந்தது.