விண்ணப்பத்தில் விடுபடுபவை

கடந்த மாதம் எங்கள் ஊர் இளைஞர் ஒருவர் தமது சுயவிபரக்கோவையுடன் என்னிடம் வந்தார். கனடாவில் வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறார். ஆங்கிலத்தைத் திருத்தித் தரவேண்டும் என்பது அவரது கோரிக்கை. மூன்று பக்கங்கள். முதற்பக்கத்தில் புகைப்படம், தந்தையின் பெயர், பிறந்த திகதி, சமயம், மணமாகாதவர் என்ற குறிப்பு. இவற்றை எல்லாம் நீக்கிவிடுமாறு சொன்னேன். பாரபட்சத்துக்கு இடம் தரலாம் என்பதால் அந்நாட்டில் இவற்றை எழுதும் வழக்கமில்லை.

"அப்ப என்னைப் பற்றி என்ன ஐயா மிஞ்சும்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அயல்நாட்டில் வேலை தேடியவன் எவனும் தன்னை முழுமையாக எழுதியதில்லை என்பதே வரலாறு தரும் பதில்.

உலகின் முதலாவது சுயவிபரக்கோவை என்று பலரும் குறிப்பிடுவது லியனார்டோ டாவின்சியின் கடிதத்தை. 1482 ஆம் ஆண்டளவில், முப்பது வயதில், அவர் புளோரன்சை விட்டு மிலானுக்குச் சென்றார். அன்று இவை இரண்டும் வெவ்வேறு அரசுகள். மிலானை ஆண்டுகொண்டிருந்த லுடோவிகோ ஸ்போர்சாவுக்கு அவர் வரைந்த கடிதத்தின் பிரதி இன்றும் இருக்கிறது. எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய பாலங்கள், பீரங்கிகள், மூடிய போர்வண்டிகள் என இலக்கமிட்டு அடுக்கிக்கொண்டு போகிறார். பத்தாவது இலக்கத்தில்தான் சமாதான காலத்துக் கட்டடக்கலை வருகிறது. சிற்பமும் ஓவியமும் அதற்கும் பின்னர். போர்களுக்கு நடுவே ஆட்சிசெய்தவருக்கு என்ன தேவை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மடாலயம் ஒன்றுக்காக 1481 இல் ஒப்புக்கொண்ட பெரிய ஓவியத்தை முடிக்காமலே புளோரன்சை விட்டு வந்ததை அக்கடிதம் சொல்லவில்லை.

நான்கு நூற்றாண்டுகளின் பின் நம்மவர்களும் இதே காரியத்தைச் செய்தார்கள். மலாயாவின் முதலாவது ரயில் பாதை 1885 இல் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டிற்கும் இடையே திறக்கப்பட்டது. ரயில்வேக்கும் அரசாங்க அலுவலகங்களுக்கும் ஆங்கிலம் தெரிந்த எழுதுவினைஞர்கள் தேவைப்பட்டனர். அமெரிக்க மிஷனரிமார் 1816 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கியிருந்தனர். ஏனைய மிஷன்களும் பாடசாலைகளை நடத்தின. உள்ளூரில் கிடைத்த உத்தியோகங்களைவிடப் படித்தவர்கள் அதிகம். கப்பலேறியவர்களின் கையில் இருந்தவை பாடசாலைச் சான்றிதழும், நன்னடத்தைக்கு அதிபரோ பாதிரியாரோ எழுதிக் கொடுத்த நற்சான்றுப் பத்திரமும், 'தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்' என்று முடியும் விண்ணப்பமும். பயணச் செலவுக்கு எந்தக் காணி ஈடு வைக்கப்பட்டது, எந்தத் தாய் துறைமுகத்தில் நின்று அழுதாள் என்பவற்றுக்கு அந்தத் தாளில் இடமில்லை.

இளைஞரின் மூன்றாம் பக்கத்துக்கு வருவோம். கிளிநொச்சியில் ஒரு பாடசாலை, 2008 வரை. யாழ்ப்பாணத்தில் இன்னொன்று, 2010 முதல். இடையில் எதுவுமில்லை. 1995 இடப்பெயர்வில் வன்னிக்குப் போன குடும்பம் அவருடையது. 2009 இல் போரின் இறுதி மாதங்களைக் கடந்து செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் அடைபட்டிருந்தார்கள். அந்த ஆண்டில் முகாம்களில் வைக்கப்பட்டிருந்தோர் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர். தமது வகுப்பினர் பரீட்சை எழுதிய காலத்தில் அவர் தண்ணீர் வரிசையில் நின்றார்.

"இந்த இடைவெளியை எப்பிடி விளங்கப்படுத்துறது?" என்று தயக்கத்துடன் கேட்டார்.

விளங்கப்படுத்தத் தேவையே ஏற்படவில்லை. பட்டம் பெற்றவர்கள் பாடசாலைக் கல்வியைப் பொதுவாக அங்கே குறிப்பிடுவதில்லை. அந்தப் பகுதி முழுவதையும் வெட்டினேன், இடைவெளியும் அதனோடு போய்விட்டது. அவர் முகத்தில் நிம்மதி. எனக்கோ, செய்தி ஒன்றைத் தணிக்கை செய்துவிட்ட உணர்வு.

ஒன்றரைப் பக்கமாகிவிட்ட கோவையைக் கையில் கொடுத்து, வெட்டப்பட்ட அந்த ஆண்டுகளை வேறொரு தாளில், தமிழில் எழுதி வீட்டில் வைக்கும்படி சொன்னேன். மலாயாவுக்குப் போன நம் முன்னோரில் பலர் அப்படி எழுதி வைக்கவில்லை. அவர்களது பதவியும் ஓய்வூதியமும் நமக்குத் தெரியும். அதற்குமேல் அதிகம் தெரியாது.