மெல்லிய குரலும் முதற் பெருக்கியும்

1924ஆம் ஆண்டு மலைநாட்டுப் புகையிரதப் பாதை தெமோதரையைக் கடந்து பதுளையை அடைந்தது. தெமோதரையில் நேரே இறங்க வழியில்லை. ஆகவே பொறியியலாளர் பாதையை மலையைச் சுற்றி வளைத்து, நிலையத்தின் அடியிலேயே குடைந்த சுரங்கத்தினூடே கொண்டு சென்றனர். பெரிய உயரத்தைச் சிறிது சிறிதாகக் கடக்கும் முறை அது.

அக்காலத்திலேயே கொழும்பில் தந்தித் திணைக்களத்தைச் சேர்ந்த எட்வர்ட் ஹார்ப்பரும் துணைவரும், கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிகளைக் கொண்டு ஒலிபரப்பி அமைத்துக் கிராமபோன் இசையைப் பரப்பினர். 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கிற்று. 1949இல் அதுவே இலங்கை வானொலியாயிற்று.

குரல் வானலையில் ஏறுவதற்கும் படிகள் வேண்டும். ஒலிவாங்கி தரும் மின்னழுத்தம் பெரும்பாலும் ஒரு வோல்ற்றின் ஆயிரத்தில் சில பங்கே. ஒலிபரப்பியை இயக்க அது போதாது. 1906இல் அமெரிக்கரான லீ டி பாரஸ்ட் மும்முனை வால்வை ஆக்கினார். அதனுள் இருக்கும் கம்பி வலையில் நேரும் சிறு மாற்றம், பெரிய மின்னோட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது. மடைப்பலகையைச் சற்றே அசைத்து வாய்க்கால் நீரை ஆள்வது போன்றது இது.

ஆனால் கம்பிகளிலும் வால்வுகளிலும் இயல்பாகவே நுண்ணிய இரைச்சல் உண்டு. பெருக்கிக்குக் குரல் எது, இரைச்சல் எது என்று தெரியாது. இரண்டையும் ஒருங்கே வளர்க்கும். பத்து மடங்கு பெருக்கும் மூன்று படிகள் அடுத்தடுத்து இருப்பதாகக் கொள்வோம். குரல் ஆயிரம் மடங்காகும். முதற்படியின் வாயிலில் புகுந்த இரைச்சலும் ஆயிரம் மடங்காகும். மூன்றாம் படியின் வாயிலில் புகுந்ததோ பத்து மடங்கே. ஆதலால் ஒலியின் தெளிவைப் பெரிதும் தீர்மானிப்பது முதற் பெருக்கியே. முன்பெருக்கி என்பது அதுவே.

1916இல் வெண்டே என்பார் ஆக்கிய மின்தேக்கி ஒலிவாங்கியின் மின்குறி மிக மெலிந்தது. நீண்ட கம்பியில் அது தேய்ந்துவிடும். எனவே பெருக்கும் வால்வை ஒலிவாங்கியின் அருகிலேயே பொருத்தும் வழக்கம் வந்தது. 1947இல் திரான்சிஸ்டர் பிறந்தது. பின்னர் வால்வின் இடத்தை அது பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. ஆயினும் விதி மாறவில்லை.

ஊவாத் தோட்டத்து லயத்தில் வானொலி கேட்பவர் குமிழை எவ்வளவு திருகினாலும் ஓசைதான் பெருகும். கலையகத்திலேயே இரைச்சலில் அமிழ்ந்துபோன சொல் மீளாது. மெல்லிய குரலுக்குத் துணை, அது பிறக்கும் இடத்திலேயே கிடைக்க வேண்டும்.