குளிர்காலத்தில் வீட்டில் பீர் தயாரித்தல்

அறை வெப்பநிலை 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும் மாதங்களில், சொந்தப் பயன்பாட்டுக்காகச் சிறிய அளவில், வழக்கமாக 20 லிட்டர் அளவில், பீர் தயாரிப்பதை இது குறிக்கும். வட அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் பரவலான பொழுதுபோக்கு. புதிதாகத் தொடங்குபவர்கள் குளிரைத்தான் முதல் எதிரியாக நினைக்கிறார்கள். பீரின் வரலாறு வேறு கதை சொல்கிறது. பவேரியாவை ஆண்ட ஐந்தாம் ஆல்பிரெக்ட் கோமகன் 1553இல் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் தயாரிப்பதற்கே தடை விதித்தார். கோடையில் தயாரித்த பீர் கெட்டுப்போனதே காரணம். அங்கே பீருக்கு உரிய பருவம் குளிர்காலமாகவே இருந்தது.

சட்டநிலை

பிரிட்டனில் 1963 முதல் வீட்டுத் தயாரிப்புக்கு உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், வயதுவந்தோர் இருவர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 காலன் வரை, அதாவது ஏறத்தாழ 757 லிட்டர், வரியின்றித் தயாரிக்க இடம் தந்தது. ஆனாலும் மாநிலச் சட்டங்கள் தனி. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013இல்தான் அனுமதித்தன. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம்.

ஈஸ்டும் வெப்பநிலையும்

முளைகட்டி உலர்த்திய பார்லியை, அதாவது மால்ட்டை, 65 முதல் 68 டிகிரி நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாகிறது. அந்தச் சாற்றுக்கு வோர்ட் என்று பெயர். கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் இடுகிறார்கள். பிறகு சர்க்கரையை மதுவாக்கும் நொதித்தல் முழுவதும் ஈஸ்டின் வேலை. பீரின் இரு பெரும் வகைகளான ஏல், லாகர் இரண்டுக்கும் ஈஸ்ட் வேறு. ஏல் வகைக்கான ஈஸ்ட் 18 முதல் 22 டிகிரியில் நன்றாக இயங்கும். 14 டிகிரிக்குக் கீழே அதன் பல ரகங்கள் அடியில் படிந்து உறங்கிவிடும். லாகர் ஈஸ்ட் 8 முதல் 13 டிகிரியை விரும்பும். கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹேன்சன் 1883இல் தனித்துப் பிரித்தெடுத்தது இந்த லாகர் ஈஸ்டைத்தான். கீழ்த்தள அறை 12 டிகிரியில் நிற்கும் வீட்டில், ஏல் ஈஸ்டோடு மல்லுக்கட்டுவதைவிட லாகருக்கு மாறுவது புத்திசாலித்தனம். ஆனால் 20 லிட்டருக்கு ஏலுக்கு ஒரு பொட்டலம் உலர் ஈஸ்ட் போதும் என்றால், லாகருக்கு இரண்டு வேண்டும்.

நின்றுபோன நொதித்தல்

குளிர்காலக் குறைகளில் முதன்மையானது இதுவே. நொதித்தல் தானே வெப்பத்தை வெளியிடும். முதல் இரண்டு மூன்று நாட்கள் கலனுக்குள் இருக்கும் பீர் அறையைவிடச் சில டிகிரி சூடாகவே இருக்கும். மேலே நுரை கட்டும், எல்லாம் ஒழுங்காக நடப்பதாகத் தோன்றும். சர்க்கரை குறையக் குறைய அந்தச் சூடும் தணிகிறது. கடைசிப் பங்கை முடிக்க ஈஸ்டுக்குக் கதகதப்பு தேவைப்படும் அதே வேளையில் பீர் அறையின் குளிருக்கு இறங்கிவிடுகிறது. தொடங்கும்போது, நீரை 1 எனக் கொண்டால், 1.050 இருந்த அடர்த்தி 1.010இல் முடிய வேண்டியது 1.020இலேயே நின்றுவிடும்.

தொடங்குபவர் இங்கே இரண்டில் ஒரு தவறைச் செய்கிறார். ஈஸ்ட் செத்துவிட்டது என்று எண்ணிப் பீரைக் கொட்டிவிடுவது ஒன்று. வாயு வெளியேற மூடியில் பொருத்தும் ஏர்லாக்கில் குமிழி நின்றதால் வேலை முடிந்தது என்று பாட்டிலில் அடைப்பது மற்றொன்று. இரண்டாவதுதான் ஆபத்தானது. வசந்தத்தில் அறை சூடானதும் ஈஸ்ட் விழித்து மீதிச் சர்க்கரையைத் தின்னும். 1.020இல் அடைத்த பீர் 1.010 வரை இறங்கினால், ஒரு பாட்டிலில் வழக்கமாக இருப்பதைப் போல் இரு மடங்கு கரியமில வாயு கூடுதலாகச் சேரும். கண்ணாடி வெடிக்கும், காயமும் படும்.

ஏர்லாக்கை நம்பவே கூடாது. மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் வாயு வேறு வழியில் போய்விடும். முடிந்துபோன பீரும் சூடேறினால் கரைந்திருந்த வாயுவை விட்டுக் குமிழியிடும். நம்பத்தக்கது அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் ஒன்றே. அதிலும் பெரும்பாலானவை 20 டிகிரிக்கு அளவிடப்பட்டவை. 10 டிகிரி பீரில் ஒன்றிரண்டு புள்ளி, அதாவது மூன்றாம் தசம இடத்தில் ஒன்றோ இரண்டோ, கூடுதலாகக் காட்டும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

சரிசெய்வது எளிது. கலனைக் குளிர்ந்த சிமெண்ட் தரையிலிருந்து தூக்கி 20 டிகிரி இடத்துக்கு மாற்றி, மூடியைத் திறக்காமல் மெல்லச் சுழற்றி, படிந்த ஈஸ்டைக் கலக்கிவிட வேண்டும். நீர்த்தொட்டியில் கலனை வைத்து மீன்தொட்டி ஹீட்டரால் நீரைச் சூடாக்குவது மலிவான, நிதானமான வழி. அறைச் சூடாக்கி அருகில் வைப்பது மோசமான வழி. பகலில் சூடும் இரவில் குளிருமாக ஏறி இறங்குவது நிலையான குளிரைவிட ஈஸ்டைப் பாதிக்கும். ஒரு வாரத்தில் அடர்த்தி அசையாவிட்டால், தனியே தொடங்கி நுரைத்துக்கொண்டிருக்கும் புதிய ஈஸ்டைச் சேர்க்கலாம். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த அளவுகள், எதிர்பார்த்த எண்ணுக்கு அருகில், ஒன்றாக நின்ற பிறகே பாட்டில்.

பிற குறைகள்

பீரில் வீசும் வெண்ணெய் மணம், நொதித்தலின்போது உண்டாகும் டையசெட்டைல் என்ற சேர்மத்தால் வருவது. ஈஸ்ட் அதைத் தானே திரும்ப உட்கொள்ளும், ஆனால் குளிரில் அந்த வேலை இழுத்துக்கொண்டே போகும். ஆகவே லாகரை முடியும் தறுவாயில் 16 முதல் 18 டிகிரிக்கு ஏற்றி இரண்டு மூன்று நாள் வைப்பார்கள். லாகர் நொதிக்கும்போது எழும் அழுகிய முட்டை நாற்றம் பலரைப் பதறவைக்கிறது. அது கந்தக வாயு, முதிரும்போது தானே போய்விடும்.

சூடான வோர்ட் பாத்திரத்தைப் பனிக்குவியலில் புதைப்பது பார்க்க அழகு, பயன் குறைவு. சுற்றியுள்ள பனி உருகி இடைவெளி விழுந்ததும் அந்தக் காற்றே வெப்பத்தைத் தடுத்துவிடும். பனிக்கட்டி போட்ட நீர்த்தொட்டி வேகமானது. அளவுக்கு மீறிக் குளிரவைத்துவிட்டு, வெதுவெதுப்பான நீரில் ஊறிய ஈஸ்டை அப்படியே கொட்டுவதும் தவறு. இரண்டுக்கும் 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கலாகாது.

வெளியே அடுப்பு வைப்பவர்கள் கவனிக்க: பியூட்டேன் உறைநிலைக் குளிரில் ஆவியாகாது, புரொப்பேன் −42 டிகிரி வரை தாங்கும். அதற்காக அடுப்பை மூடிய கொட்டகைக்குள் கொண்டுபோனால் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

பாட்டிலில் வாயு ஏறாததற்கும் பெரும்பாலும் குளிரே காரணம். 20 டிகிரியில் இரண்டு மூன்று வாரத்தில் முடிவது 12 டிகிரியில் மாதக்கணக்கில் இழுக்கும். மேலும் சர்க்கரை சேர்க்காமல் சூடான அலமாரிக்கு மாற்றினால் போதும்.

எல்லாக் குறையும் இப்படித் தீர்வதில்லை. புளித்துப்போன தொற்று, ஈர அட்டையின் சுவை தரும் ஆக்சிஜன் பாதிப்பு, குளோரின் கிருமிநாசினியை அலசாமல் விட்டதால் வரும் மருந்து வாடை ஆகிய மூன்றுக்கும் மாற்று இல்லை. பீரைக் கொட்ட வேண்டும். தொற்று என்றால் பிளாஸ்டிக் குழாய்களையும் புதிதாக மாற்ற வேண்டும்.