நெரிசலும் நியாயமும்

1986ஆம் ஆண்டு அக்டோபரில், கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சிக்கூடத்துக்கும், அதிலிருந்து நானூறு கஜ தூரமே விலகிய சர்வகலாசாலைக்கும் இடையே, விநாடிக்கு 32,000 பிட் வேகத்தில் நடந்துவந்த செய்திப் போக்குவரத்து திடீரென்று 40 பிட்டாகக் குன்றிப்போயிற்று. கம்பி அறுபடவில்லை, யந்திரம் பழுதாகவில்லை, வழியில் தொலைந்த தகவல் பொட்டலங்களைக் கணினிகள் பொறுமையின்றித் திரும்பத் திரும்ப அனுப்பியதே பாதையை அடைத்துவிட்டது. வான் ஜேக்கப்ஸன் என்ற விஞ்ஞானி 1988இல் வெளியிட்ட பரிகாரத்தின் சாரம், பொட்டலம் தொலைந்ததென்று கண்டவுடனே அனுப்பும் கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு, வழி தெளியத் தெளியப் படிப்படியாக ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பதே. பொட்டலத்தின் உள்ளே இருப்பது என்ன, யாருடையது என்ற கேள்விக்கே அதில் இடமில்லாதிருந்ததை நான் மிகச் சிலாக்கியமாகக் கருதுகிறேன்.

உள்ளே எட்டிப்பாராத அந்த மரியாதை 2007இல் பகிரங்கமாகக் குலைந்தது. அமெரிக்கக் கேபிள் ஸ்தாபனமான காம்காஸ்டின் சந்தாதாரரும், ஓரிகன் மாகாணவாசியுமான ராப் டொபோல்ஸ்கி என்ற பொறியாளர், பதிப்புரிமை காலாவதியான பழைய நால்வர் பாட்டுகளைப் பிட்டாரெண்ட் என்ற கோப்புப் பகிர்வு முறை மூலம் பகிர முயன்று முயன்று தோற்றபின், தம் கணினிக்கு வந்த பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பரிசோதித்தார். ஸ்தாபனம் நடுவில் நின்று, இரு கணினிகளுக்கும் மற்றதன் பெயரால் ‘தொடர்பை முடித்துக்கொள்’ என்ற போலிக் கட்டளையை அனுப்பிக்கொண்டிருந்தது தெரிந்தது. அக்டோபரில் அசோஸியேட்டட் பிரஸ் நிருபர்கள் பைபிளை அனுப்பிப் பரீட்சித்தபோது அதுவும் தடைபட்டது. நெரிசலைச் சமாளிக்கவே இவ்வாறு செய்ததாகக் காம்காஸ்ட் வாதித்தது. ஒரு பேட்டையின் வீடுகளெல்லாம் மேல்நோக்கிய குறுகிய வழியொன்றைப் பங்கிட்டுக்கொள்வது வாஸ்தவமே. ஆனால் நெரிசலில்லாத வேளைகளிலும் அத்தடை நடந்ததென்று கண்ட அமெரிக்க மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம், 2008 ஆகஸ்ட் 1 அன்று மூவருக்கு இருவர் என்ற வாக்கில் அதைக் கண்டித்தது.

அதன்பின் காம்காஸ்ட் கைக்கொண்ட புதிய முறை, நெரிசல் நேரும் பகுதியில் மட்டும், அவ்வேளையில் மிகுதியாக உபயோகிப்பவரின் போக்குவரத்தை, அதன் தன்மையைப் பாராமல், சிறிது நேரம் பின்வரிசைக்கு நகர்த்துவதாக இருந்தது. ஆணையத்துக்கு அதிகாரமில்லையென்று 2010 ஏப்ரலில் நீதிமன்றம் அந்தக் கண்டன உத்தரவை ரத்து செய்தும், நல்ல முறை சில ஆண்டுகள் நிலைத்தது.

ஆனால் கண்டனம் வந்த அதே 2008ஆம் ஆண்டின் அக்டோபரில், காம்காஸ்டின் மாதத்துக்கு 250 ஜிகாபைட் என்ற டேட்டா வரம்பும் வந்து சேர்ந்தது. நெரிசல் மாலை வேளைகளில் சில நாழிகை நிகழ்வது. மாதக் கணக்கோ, ஊர் உறங்கும் பின்னிரவில் இறக்கிய கோப்பையும் அந்தி வேளையில் இறக்கியதையும் ஒரே படியால் அளப்பது. இடையே நிறுத்தப்பட்டும் மாற்றப்பட்டும் வந்த அவ்வரம்பை, 2020 மார்ச்சில், தொற்றுநோயால் ஜனங்கள் வீட்டோடு அடைந்து, போக்குவரத்து முன்னெப்போதும் காணாத அளவு உயர்ந்த சமயத்தில், காம்காஸ்ட் தானே விலக்கிவைத்தது. வலையமைப்பும் தாங்கி நின்றது. ஜூலை பிறந்ததும், 1.2 டெராபைட் என்ற புதிய அளவோடு, வரம்பு மீண்டும் அமலுக்கு வந்தது.